மீராவுக்கு இரண்டு நாற்காலி

முறைத்துப் பார்க்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி. சிவப்பு நட்சத்திரத்தை உற்று உற்றுப் பார்த்தால் அதன் ஒளி கூடிக்கொண்டே போவதாகக் கண் ஏமாற்றும். ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். மறுபடியும் இங்கே ஒரு பார்வை. எனக்கு இது லேசில் வரவில்லை. வங்கியில் எதிரே நிற்கிற ஆளை முறைத்தே வேலையை முடித்துப் பழகியவள் நான். மூக்குக்கு மேல் கோபம் வரும். கிளையில் இருந்த மராட்டிப் பெண்கள் என்னிடம் விடுமுறை கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு என் மனநிலை எப்படி என்று பியூனிடம் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பதவி உயர்வோடு புனேக்கு வந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், யாருமே கேட்காத ஊருக்குப் போனால் போதும் என்று மாற்றலை வாங்கிக்கொண்டேன். புனேயில் உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. முதல் ஆறு மாதம் அது சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு, யாராவது எதையாவது கேட்டால் தேவலை என்று இருந்தது. கோந்த்வா பகுதியில், சொசைட்டி என்று அங்கே சொல்லும் நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் வீடு. சுற்றிலும் அப்போது வெறும் பொட்டல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவலில் போஹே செய்து தின்றுவிட்டு, மத்தியானம் வரைக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் துணி மடிப்பேன். ஒரு ஞாயிறு மடித்த துணியை உதறிவிட்டு மறுபடி மடித்திருக்கிறேன். அந்த லட்சணத்தில் இருந்தது வாழ்க்கை.

வானம் பார்க்கும் ஆர்வலர்களின் வகுப்பு என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் போனேன். நட்சத்திரத்தின் மேல் எனக்கு எந்தப் பிடிப்பும் இருந்ததில்லை, ஞாயிறு மாலையைக் கழிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூட அறை. இருபது பேர் இருப்போம். ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கண்ணால் பார்த்து, எவ்வளவு பிரகாசம் என்று மதிப்பிட்டு எழுதி அனுப்ப ஆள் வேண்டும் என்றார் நடத்தியவர். உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் இப்படிப்பட்டவர்கள் எழுதி அனுப்புவதை எல்லாம் சேர்த்துத்தான் அந்த நட்சத்திரங்களின் போக்கை விஞ்ஞானிகள் தெரிந்துகொள்கிறார்களாம். பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்களை ஜோடி சேர்த்தார். கோந்த்வா யார் என்று கேட்டபோது நானும் கை தூக்கினேன், எனக்கு முன்வரிசையில் ஒரு நரைத்த தலையும் கை தூக்கியது. திரும்பிப் பார்த்தால் எங்கள் சொசைட்டியின் தரைத்தளத்துக்காரர்.

ஒரு வருடமாக அவரைப் படிக்கட்டில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பால்காரன் வந்தானா என்று ஹிந்தியில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய ஹிந்தியும் என்னுடையதைப் போலவே திக்கித் திணறும் என்பதை நான் கவனித்தே இருக்கவில்லை. வகுப்பு முடிந்து ரிக்ஷாவில் வரும்போதுதான் அவர் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தது. ஒரு வருடம் ரெண்டு தமிழர்கள் ஹிந்தியில் தண்ணீர் நேரம் கேட்டுக்கொண்டிருந்ததை நினைத்து ரிக்ஷாவிலேயே சிரித்தோம். ராணுவக் கணக்குத் துறையில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். கட்கியில் இருந்த அரசுக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு இங்கே வந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. ஒரே மகள், பெங்களூரில். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை சார் என்பேன். அவர் முதலில் மேடம் என்றார், பிறகு எப்போதோ அம்மணி ஆகிவிட்டேன்.

எங்களுக்குக் கிடைத்த சிவப்பு நட்சத்திரம் மீரா. நம்முடைய மீராபாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லத்தீனில் ஆச்சரியமானவள் என்று அர்த்தமாம். ஏறக்குறைய பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும் அளவுக்கு ஒளிரும், பிறகு மங்கி மங்கி பைனாகுலருக்கே எட்டாத அளவுக்குப் போய்விடும். மறுபடி ஏறும். வேலை இதுதான்: அதன் அக்கம்பக்கத்தில் ஒளி மாறாத நட்சத்திரங்கள் எதெது, அவற்றின் அளவு என்ன என்று போட்ட வரைபடம் ஒன்று கொடுப்பார்கள். மீரா இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம், ஆகவே நடுவில் இன்ன எண் என்று சொல்ல வேண்டும். எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம் என்று பொருள். வரைபடத்தில் 3.5 என்று போடமாட்டார்கள், 35 என்றுதான் இருக்கும். புள்ளி வைத்தால் அதையும் ஒரு நட்சத்திரம் என்று நினைத்து நாங்கள் தேடுவோமாம். முதல் வாரமே அதைக் கேட்டுவிட்டு அவர் வெகு நேரம் சிரித்தார். ஆடிட்காரருக்குப் புள்ளியின் அருமை தெரியும்.

இரண்டாவது விதி, ஒருவர் பார்த்த எண்ணை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. காதில் ஓர் எண் விழுந்துவிட்டால் கண் அதையே பார்க்கும். ஆகையால் ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு பைனாகுலர், இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச். அவரவர் பார்த்து, அவரவர் சீட்டில் எழுதி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். வார இறுதியில் நான் எடுத்து வரிசையாக எழுதி அனுப்புவேன். எனக்குத் தெரிவதைவிட அவருக்கு எப்போதும் ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி மங்கலாகத் தெரியும். அது ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம், தப்பில்லை என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

சொசைட்டி செயலாளர் சும்மா இருப்பாரா? ஒரு கிழவரும் கல்யாணமாகாத ஒரு பெண்ணும் மாலைக்கு மாலை மொட்டை மாடியில் என்ன செய்கிறார்கள் என்பது பொதுக்கூட்டத்தில் பேசும் விஷயமாகிவிட்டது. என் மராட்டி அவ்வளவு போதாது, ஆனால் கோபத்துக்கு மொழி எதற்கு? நான் எழுந்து நின்று, வேண்டுமானால் நீங்களும் வந்து மூன்றாவது நாற்காலியில் உட்காருங்கள் என்றேன். செயலாளர் மனைவி சிரித்துவிட்டாள், விஷயம் அதோடு அடங்கியது. ஆனாலும் ஒன்பது மணிக்குள் மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எங்களுக்கு ஏழரையிலிருந்து ஒன்பது வரை கிடைத்தது. போதும், மீராவுக்கு ஐந்து நிமிடம் ஆகும். மிச்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். கட்கிப் பக்கம் போபோடி சந்தையில் முருங்கைக்காய் கிடைத்தது, கிளையில் ஒருத்தன் காசோலையில் அப்பா கையெழுத்தைப் போட்டுவிட்டான், இந்த மாதிரிப் பேச்சுத்தான். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பகல் முழுக்க மூன்று மொழியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசிவிட்டு வந்தவளுக்கு, வாயில் வந்ததை வந்தபடி பேச ஓர் இடம் இருந்தது.

நாங்கள் பார்க்கத் தொடங்கிய வருடங்களில் மீரா குளிர்காலத்தில் ஒளிர்ந்தது. முதல் தடவை, போன மாதம் பைனாகுலரில் தேடிப் பிடித்த பொட்டு வெறும் கண்ணுக்கு எதிரே வந்து நின்றபோது, சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி இருந்தார். ஆனால் சுழற்சி பதினொரு மாதம் அல்லவா, வருடத்துக்கு ஒரு மாதம் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது. ஜனவரியில் ஒளிர்ந்தது டிசம்பருக்கு வந்தது, பிறகு நவம்பர், அக்டோபர். அதற்கு அப்பால் மழைக்காலத்துக்குள் போய்விட்டது. புனே மழையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நட்சத்திரமாவது ஒன்றாவது. அதற்கு முந்தைய கோடை மாதங்களில் மீரா சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும், யாராலும் பார்க்க முடியாது. ஆக அது ஒளிரும் காலத்தில் எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும் காலத்தில் மங்கிக் கிடக்கும். மறுபடி குளிர்காலத்துக்கு வந்து சேர ஐந்தாறு வருடம் ஆகும் என்று அவர்தான் கணக்குப் போட்டார். அது வரைக்கும் பார்ப்போமா என்று கேட்டேன். பார்க்காமல் வேறென்ன வேலை என்றார்.

அந்த ஐந்தாறு வருடமும் பார்த்தோம். அக்டோபரில் மேகம் விலகியதும் நாற்காலியைத் தூசி தட்டுவோம், பிப்ரவரி கடைசியில் மடக்கி வைப்போம். நடுவில் இருக்கும் ஏழெட்டு மாதம்தான் எனக்குக் கொடுமை. ஒரே படிக்கட்டு, அவர் கதவைத் தாண்டித்தான் நான் தினமும் போக வேண்டும். ஆனால் நட்சத்திரம் இல்லாமல் அந்தக் கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. போய் என்ன சொல்வது? சும்மா வந்தேன் என்று சொல்ல எனக்கு அந்த நாளில் வாய் வராது. மழை கொட்டும் சாயங்காலங்களில் கீழே அவர் வீட்டு ரேடியோ சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வரும். நான் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு சமையல் செய்வேன். அக்டோபர் எப்போது வரும் என்று இருக்கும். அங்கே கீழே அவருக்கும் அப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் தனியாக இருந்து பழகியவர், நான்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன முட்டாள்தனம்.

இதற்குள் கோந்த்வாவின் பொட்டல் எல்லாம் கட்டடமாகிவிட்டது. மேற்கே அடுத்த மனையில் ஒரு பெரிய குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. மாதத்துக்கு ஒரு மாடி ஏறியது. மீரா குளிர்காலத்துக்குத் திரும்பும் வருடம் வந்தபோது பச்சை வலை சுற்றிய அந்தக் கட்டடம் எங்கள் மேற்கு வானத்தில் பாதியை விழுங்கியிருந்தது. ஜனவரியில் மீரா மளமளவென்று ஏறியது. பிப்ரவரியில் ஒரு மாலை மாடிக்கு வந்து பார்த்தால் பைனாகுலரே வேண்டாம், எதிரே நிற்கிறது. வழக்கமாக ஒளிரும் அளவையும் தாண்டிவிட்டது, இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு 21 என்று எழுதிப் போட்டேன். அவரும் எழுதிப் போட்டார்.

வார இறுதியில் டப்பாவைத் திறந்தேன். அவர் சீட்டுகளில் 35, 34, 35 என்று இருந்தது. ஒரு புள்ளி ரெண்டு புள்ளி வித்தியாசமில்லை, இது எங்கேயோ போய்விட்டது. எனக்கு முதலில் என் மேல்தான் கோபம் வந்தது. ஆறு வருடம் காத்திருந்தவள் முறைத்து முறைத்துப் பார்த்துக் கெடுத்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த நாள் ஒழுங்காக, ஒரே பார்வை பார்த்துக் கண்ணை எடுத்தேன். அப்போதும் 21தான். அவருடைய சீட்டை அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன், 34. ஒருவேளை கட்டட வேலைக்குப் போட்டிருக்கும் பெரிய விளக்கின் வெளிச்சம் அவர் உட்காரும் பக்கம் அடிக்கிறதோ என்று நினைத்தேன்.

அவர் நாற்காலி எப்போதும் மேற்குப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில். நான் ஒரு மாதமாகப் படிக்கட்டு வாசல் பக்கம் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கிருந்து பார்த்தால்தான் கட்டடம் தாழ்ந்து தெரியும். தினமும் எண் எழுதுகிறாரே, அவர் பக்கமும் தெரிகிறது என்றே இருந்துவிட்டேன். மறுநாள் அவர் சீட்டைப் போட்டுவிட்டு இருமலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது, விளக்கு கண்ணில் அடிக்கிறதா பார்ப்போம் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கு அடிக்கவில்லை. எதிரே கான்கிரீட் தூண்களும் பச்சை வலையும்தான் இருந்தன. மீரா இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன். அந்த நாற்காலியிலிருந்து மீராவைப் பார்க்க வழியே இல்லை. அவர் தினமும் அங்கே உட்கார்ந்து பைனாகுலரைத் தூக்கி, இறக்கி, எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"சார், மீரா எங்க இருக்கு? கை நீட்டிக் காட்டுங்க."

அவர் கையைத் தூக்கினார். விரல் நேராகக் கட்டடத்தின் எட்டாவது மாடியைக் காட்டியது. அங்கேயிருந்து வேலையாட்களின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். கை மெதுவாக இறங்கியது.

"கட்டடமுங்களா?"

"ஆமா சார்."

"எத்தனை நாளா மறைக்குது?"

"இந்த மாசம் பூரா."

நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். விழித்திரையின் நடுவில் பழுதாம், ஆபரேஷனுக்கு வழியில்லையாம். ஓரமாகத் தெரியும், இருட்டிவிட்டால் அதுவும் சரியாகத் தெரியாது, நேரே பார்த்தால் கறுப்பு. படியில் ஏறலாம், தெருவில் நடக்கலாம், என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் என் தோளுக்கு அப்பால் பார்க்க வேண்டும். சீட்டில் எழுத ஏன் தடித்த முனைப் பேனா கேட்டு வாங்கினார், பேப்பர்காரனை ஏன் நிறுத்தினார், போபோடி சந்தைக்குப் போவதை ஏன் விட்டார் என்பதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். மூன்று வருடம் என்றார். மகளுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று டாக்டர் சீட்டைக்கூடக் கிழித்துப் போட்டிருக்கிறார். எண்களை எங்கிருந்து பிடித்தார் என்றால், மீராவின் பழைய போக்கு அவருக்கு மனப்பாடம். இன்ன தேதிக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். ரொம்பவும் சரியாக வந்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று நடுநடுவே ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து. அடப் பாவி மனுஷா. நட்சத்திரம் இந்த வருடம் தன் வழக்கத்தை மீறும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றிவிட்டார் என்ற கோபமில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இருட்டில், கைப்பிடி இல்லாத கடைசிப் படிக்கட்டில், மூன்று வருடம்.

"கண்ணு தெரியாம ஏன் சார் தினமும் படி ஏறி வந்தீங்க? விழுந்து தொலைச்சிருந்தா?"

அவர் என் தோளுக்கு அப்பால் பார்த்தார். "கீழ யாருங்க அம்மணி இருக்கா?"

என் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மீரா எப்படி இருக்கு என்று கேட்டார். இத்தனை வருடத்தில் இவ்வளவு ஒளிர்ந்து பார்த்ததே இல்லை, பக்கத்தில் இருக்கிற எதுவும் அதற்கு ஈடில்லை என்றேன். நிறம் என்று கேட்டார். செம்பழுப்பு என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றார். அழுதது நான்தான், அவர் அழவில்லை.

சாவி கொடுக்கப் போவதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். மூன்று வருடமாக அவர் பெயரில் போன எண்களை எல்லாம் நீக்கிவிடச் சொல்லி நான் எழுதிப்போட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். உலகம் முழுக்க ஆயிரம் பேர் எழுதி அனுப்புகிறார்கள், உங்கள் எண்ணால் என்ன குடி முழுகிவிடும், அதுவும் பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது என்று வாதாடினேன். கணக்கு என்று வந்துவிட்டால் என்னிடம் யாரும் ஜெயித்ததில்லை, ஆனால் அவர் ஆடிட்காரர்.

"பாக்காததைப் பாத்தேன்னு எழுதக் கூடாதுங்க. எனக்காக எழுதிருங்க."

எழுதினேன். காரணம் கேட்டார்கள், கண் கோளாறு என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே அவர் தானாகவே மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம், என் வீட்டிலிருந்து ரெண்டு வேளை சாப்பாடு அனுப்புகிறேன், இங்கேயே இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல என்ன உரிமை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், மகள் ஏப்ரலில் வந்துவிட்டாள். நல்ல பெண். எனக்கு நன்றி சொன்னாள். ரிக்ஷாவில் ஏறும்போது அவர் என் தோளுக்கு அப்பால் பார்த்து, வர்றனுங்க அம்மணி என்றார். பெங்களூரிலிருந்து கொஞ்ச நாள் போன் வந்துகொண்டிருந்தது. பிறகு அவருக்குப் போனில் பேசுவதே சிரமமாகி, அதுவும் நின்றது.

நான் மீராவை விடவில்லை. பைனாகுலரை மட்டும் ஒருமுறை பழுது பார்த்தேன். அடுத்த வருடக் குளிர்காலத்திலும் அது வந்தது, அதற்கடுத்த வருடமும். படிக்கட்டு வாசல் பக்கம் நின்று ஒரு பார்வை பார்த்துக் கண்ணை எடுத்து எழுதுவேன், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஒன்பது மணி வரை சாவி என்னிடம்தான் இருக்கும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், எங்கள் மாடியிலிருந்து இத்தனை வருடம் போன அளவுகளை எல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் வருடங்களில் ஒவ்வொரு தேதிக்கும் ரெண்டு எண், அவருடையதும் என்னுடையதும். அவர் இங்கே இருந்த கடைசி மூன்று வருடத்துக்கு, அவர் கேட்டுக்கொண்டபடியே அவருடையதை எடுத்துவிட்டிருந்தார்கள். ஒரே எண், ஒரே ஆள். யார் எடுத்துப் பார்த்தாலும் அந்த மூன்று வருடம் ஒருத்தி தனியாகத்தான் மாடியில் உட்கார்ந்திருந்தாள் என்று நினைப்பார்கள். அவருடைய எண்களைத் தப்பு என்று எடுத்தார்கள், இப்போது இருப்பதுதான் தப்பு. அந்த மூன்று வருடமும் நான் ஒரு நாள்கூட அங்கே தனியாக உட்கார்ந்ததில்லை.